1990 கோப்பையில் ரபா மாஜர் பயிற்சியாளர் அல்ல, கேப்டன்

‘1990 ஆப்பிரிக்கக் கோப்பையை அல்ஜீரியாவுக்கு வென்று தந்த பயிற்சியாளர் ரபா மாஜர்’ என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். மாஜர் அந்தக் கால்பந்துக் கோப்பையை வென்றது உண்மை, ஆனால் களத்தில் ஆடிய கேப்டனாக. பயிற்சியாளர் அப்தெல்ஹமீத் கெர்மாலி. அல்ஜியர்ஸில் நைஜீரியாவுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷெரீஃப் உஜானி அடித்த ஒரே கோலில் 1-0 வெற்றி.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மாஜர் பிற்பாடு தேசிய அணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயிற்சியாளராக இருந்தார், கடைசியாக 2017-18இல். அதையும் கோப்பையோடு நிற்கும் அவர் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் இப்படித் தோன்றிவிடும்.

சரிபார்ப்பது எளிது. அந்த இறுதி ஆட்டத்தின் அணிப் பட்டியலைத் தேடுங்கள்: தொடக்கப் பதினொருவரில் மாஜர் இருப்பார், பயிற்சியாளர் பெயர் தனியாக, பெரும்பாலும் அடியில் இருக்கும். விக்கிப்பீடியாவில் பார்ப்பவர்கள் சாதனைப் பகுதியில் எவை வீரராக வென்றவை, எவை பயிற்சியாளராக வென்றவை என்று கவனியுங்கள். 1990 கோப்பை வீரராக வென்றவற்றில்தான் வரும்.

1958இல் பிரான்ஸை விட்டு, அல்ஜீரிய விடுதலை இயக்கத்தின் கால்பந்து அணியில் சேர்ந்து ஆடியவர் கெர்மாலி. அல்ஜீரியாவின் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை அவர் பெயரிலேயே இருக்கட்டும். பதிவைத் திருத்திவிடுங்கள் நண்பரே.