முடிச்சு சரியானதுதான்
மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் ஒரே நடைப்பயணத்தில் நிதி திரட்டுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை என்கிறார், அப்படியொரு நடைப்பயணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பென்னாகரம் பக்கம் தெருக்கூத்தில் என் சித்தப்பா முப்பது வருடம் துரியோதனன் வேடம் கட்டியவர். தலைவலி என்று அவர் சொன்னபோதெல்லாம், விடிய விடிய கிரீடம் சுமந்தால் வலிக்காதா என்று நாங்களே முடித்துவிட்டோம். துரியோதனன் வீழும் கூத்தான படுகளத்தன்று ஒருமுறை, தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய விருத்தம் பாதியில் நின்றது. குடித்திருக்கிறார் என்று ஊர் பேசியது, வாழ்நாளில் அதைத் தொடாத மனிதரை! ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை உதவியது. ஆட முடியாமல் போன பங்குனி, சித்திரைக்கு அரிசி வாங்க எந்த அட்டையும் உதவவில்லை. மருத்துவத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதியிருக்கும் நண்பர் இதையும் யோசிக்கட்டும். 2020இல் லண்டனில் ஒரு பெண்ணை விழிக்க வைத்து, வயலின் வாசிக்கச் சொல்லிக்கொண்டே மூளைக் கட்டியை அகற்றினார்கள், விரல்களைக் காப்பாற்றத்தான். அந்த மருத்துவர்களுக்குத் தொடர்பு புரிந்திருக்கிறது. என் குறை வேறு: திரண்ட தொகையில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு, கலைஞர்களுக்கு எவ்வளவு என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.