லில்லிஹாமரில் செத்தவரைப் பற்றியும் எழுதுங்கள்

அலி ஹசன் சலாமே என்ற பாலஸ்தீனரின் வாழ்க்கையை உங்கள் தொடரின் இந்தப் பகுதியில் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள், 1948 போரில் இறந்த தகப்பன், கறுப்பு செப்டம்பர் என்ற பாலஸ்தீன ஆயுதக்குழு, முன்னாள் பிரபஞ்ச அழகி ஜார்ஜினா ரிஸ்க்குடன் கல்யாணம் எல்லாம் சரி. ஆனால் லில்லிஹாமரை ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு ஆறவே இல்லை. 1973 ஜூலையில் அந்தச் சின்ன நார்வே ஊரில் இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாத்தின் ஆட்கள் சலாமே என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது அஹமத் புஷிக்கி என்ற மொராக்கோக்காரரை, ஓட்டலில் வேலை பார்த்த மனிதர், சினிமா பார்த்துவிட்டுக் கர்ப்பிணி மனைவியோடு வீடு திரும்பும்போது அவள் கண்ணெதிரே சுட்டார்கள். பிடிபட்டவர்களில் ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது, அதையும் முழுசாக அனுபவிக்கவில்லை. இஸ்ரேல் 1996இல்தான் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தது, அப்போதும் பொறுப்பேற்கவில்லை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது கறுப்பு செப்டம்பர் தாக்குதலில் கொல்லப்பட்ட 11 இஸ்ரேலியர்களின் குடும்பங்களுக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதற்காக வழியில் போகிறவனைக் கொல்லலாமா? 1979 ஜனவரி 22இல் பெய்ரூட்டில் கார் குண்டு வைத்துச் சலாமேயைக் கொன்றபோதும் அவருடைய மெய்க்காவலர்களும் தெருவில் போனவர்களும்கூடத்தான் செத்தார்கள்.

அப்புறம் ஒன்று, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி ராபர்ட் ஏம்ஸ் இதே சலாமேயோடு வருடக்கணக்கில் ரகசியத் தொடர்பு வைத்திருந்தார், பெய்ரூட்டில் அமெரிக்கர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்ததே சலாமேயின் ஆட்கள்தான். இதைச் சொல்லாமல் அவரை வெறும் பயங்கரவாதி அல்லது வெறும் வீரர் என்று எழுதினால் பாதிக் கதைதான் வரும். அடுத்த பகுதியில் கட்டாயம் சேருங்கள்.