கொல்பவருக்கு ஆபத்தில்லாத போர்

2011 ஜூன் மாதம் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு முன் எடுத்துவைக்கப்பட்ட ஒரு வாதத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கிய, அமெரிக்கா பங்கேற்ற லிபியா மீதான தாக்குதல் அதற்குள் அறுபது நாள்களைத் தாண்டியிருந்தது. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அதிபர் ஒரு போரை அறுபது நாள்களுக்கு மேல் இழுத்துக்கொண்டு போக முடியாதபடி கடிவாளம் போடுவதற்காகவே 1973-இல் அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் லிபியாவுக்குப் பொருந்தாது என்று வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹெரால்டு கோ வாதாடினார். தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்கப் படையினர் எவரும் எதிரியின் குண்டுக்குப் பலியாகவில்லை, பலியாகும் வாய்ப்பும் மிகக் குறைவு என்பவை அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. அவர் பேசிய அந்த நாள்களில், தொலைவிலிருந்து இயக்கப்படும் பிரிடேட்டர் என்ற அமெரிக்க ட்ரோன்கள் லிபியாவில் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தன.

ஒரு நாடு போரில் இருக்கிறதா என்ற கேள்விக்கு, அது யாரைக் கொல்கிறது என்று பார்க்காமல், அதன் ஆள்களுக்கு என்ன ஆபத்து என்று மட்டும் பார்த்து விடை சொல்லலாம் என்று இந்த வாதம் நிறுவப் பார்த்தது. கீழே செத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. ட்ரோன் போரைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் குறி தப்புமா தப்பாதா என்பதிலேயே சுற்றிச்சுற்றி வருகின்றன. குறி தப்பாத நாளிலும் அந்தப் போர் முறைக்குள் ஒரு அறக்கேடு இருக்கிறது என்பதே என் கருத்து. கொல்லும் முடிவை எடுப்பவருக்கு அந்த முடிவால் எந்த இழப்பும் இல்லை என்றாகும்போது, அவரைத் தயங்க வைப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை நான் அலட்சியப்படுத்தவில்லை. பீரங்கியும் கண்மூடித்தனமான குண்டுவீச்சும் ஊர்களையே அழித்திருக்கின்றன. பல மணி நேரம் வானில் நின்று, ஒரே ஒரு வீட்டை, ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்துத் தாக்கக்கூடிய கருவி அதைவிடக் குறைவான பேரைக் கொல்லும் என்பதில் உண்மை இருக்கிறது. தன் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பாமல் ஒரு இயந்திரத்தை அனுப்ப முடிந்தால் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்? ஆனால் இந்த ஒப்பீட்டுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ட்ரோன் இல்லாவிட்டாலும் அதே இடத்தில் அதே தாக்குதல் வேறு வழியில் நடந்தே இருக்கும் என்ற அனுமானம் அது. பாகிஸ்தானின் வடக்கு வஜீரிஸ்தானுக்கோ யேமனின் மலைக்கிராமங்களுக்கோ ஆண்டுக்கணக்கில் அமெரிக்கச் சிப்பாய்களை அனுப்பியிருப்பார்களா? சவப்பெட்டிகள் ஊர் திரும்பத் தொடங்கியதுமே மக்கள் கேள்வி கேட்டிருப்பார்கள். ட்ரோன் இருந்ததனால்தான் அந்தத் தாக்குதல்களில் பெரும்பாலானவை நடந்தன.

நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் சுடுகிறார்கள் என்ற சமாதானத்தையும் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 2010 பிப்ரவரி 21 அன்று விடிவதற்கு முன், ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் மூன்று வண்டிகள் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. நெவாடா பாலைவனத்தில் உள்ள கிரீச் விமானப்படைத் தளத்தில் உட்கார்ந்தபடி ஒரு பிரிடேட்டர் குழு அவற்றை மணிக்கணக்கில் பின்தொடர்ந்தது. அவர்கள் பேசிக்கொண்டவை பிறகு எழுத்து வடிவில் வெளிவந்தன. படங்களை ஃபுளோரிடாவிலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் குழந்தைகள் தெரிவதாகச் சொன்னபோது, நெவாடாவில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. துப்பாக்கி இருக்கிறது என்று சொல்ல இவ்வளவு யோசிப்பவர்கள் குழந்தை என்று மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்கள் என்று எரிச்சலோடு பேசிக்கொள்கிறார்கள். குழந்தை என்பது சிறிது நேரத்தில் பதின்பருவத்தினர் என்று மாறுகிறது. வண்டியிலிருந்து இறங்கியவர்கள் தொழுததுகூட அவர்கள் எதிரிப்படை என்பதற்கான சான்றாகக் கொள்ளப்பட்டது. இறுதியில் ஹெலிகாப்டர்கள் வந்து ஏவுகணைகளை வீசின. இறந்தவர்கள் 23 பேர், அவர்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் இருவர் என்று அந்தப் பகுதியின் பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வண்டிகளில் போனவர்கள் சாதாரணப் பயணிகள்.

கேமரா தெளிவில்லாமல் இருந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. பதினோரு ஆண்டுகள் கழித்து, கருவிகள் எவ்வளவோ மேம்பட்ட பிறகு, 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை நிற டொயோட்டா காரை அமெரிக்கப் படையினர் ட்ரோன் வழியே சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தார்கள். அதை ஓட்டியவர் ஓர் உதவி நிறுவனத்தின் ஊழியர். அவர் தண்ணீர் கேன்களை ஏற்றுவதைப் பார்த்து வெடிபொருள் ஏற்றுகிறார் என்று முடிவு கட்டினார்கள். வீட்டு முற்றத்துக்குள் கார் நுழைந்தபோது ஹெல்ஃபயர் ஏவுகணை விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். சில நாள்களில், அது நியாயமான தாக்குதல் என்று அமெரிக்கக் கூட்டுப் படைத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லி அறிவித்தார். தாக்குதலுக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒரு குழந்தை காட்சியில் தெரிந்தது என்று பின்னர் நடந்த ராணுவ விசாரணையே ஒப்புக்கொண்டது. தேடுபவர் எதைத் தேடுகிறாரோ அதையே திரை காட்டுகிறது. களத்தில் நிற்பவருக்கும் இந்தப் பிழை நேரலாம். ஆனால் அவர் ஒரு குரலைக் கேட்பார், ஒரு முகத்தைப் பார்ப்பார், ஒரு கேள்வி கேட்டுத் தன் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள அவருக்கு ஏதேனும் ஒரு வழி இருக்கும். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. தனக்குத் தெரியாது என்று தயங்கிப் பின்வாங்கினால் அவருக்கு எந்த ஆபத்தும் வராது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்லும் சிப்பாய்க்கு இருக்கும் நியாயம் அவருக்குக் கிடையாது. பொறுத்துப் பார்க்க அவரால் எப்போதும் முடியும்.

ஆள் யாரென்று தெரியாமலே, நடமாட்டத்தின் போக்கை மட்டும் வைத்துத் தாக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜீரிஸ்தானின் தத்தா கேலில், ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கக் கூடியிருந்த பெரியவர்களின் கூட்டத்தின் மீது ஏவுகணைகள் விழுந்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். ஆயுதம் தாங்கும் வயதுள்ள ஆண்கள் தாக்குதல் பகுதியில் இறந்தால், மாறான சான்று பிறகு கிடைக்காத வரை, அவர்களை எதிரிப் போராளிகளாகவே எண்ணிக்கையில் சேர்த்தார்கள் என்று 2012-இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. குற்றமற்றவர் என்று செத்தவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று ஆகிவிட்ட இடத்தில், எந்த எண்ணிக்கையை நம்புவது? 2009 முதல் 2015 வரை, போர்க்களம் என்று அறிவிக்கப்படாத பகுதிகளில் நடந்த 473 தாக்குதல்களில் 64 முதல் 116 வரையிலான பொதுமக்களே இறந்தார்கள் என்று ஒபாமா அரசு 2016-இல் அறிவித்தது. வெளியிலிருந்து கணக்கெடுத்த இதழாளர்களின் எண்ணிக்கை அதைப் போலப் பல மடங்கு. அந்தக் குறைந்தபட்ச அறிவிப்பை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாட்டையும் 2019-இல் டிரம்ப் ரத்து செய்தார்.

உயிர் பிழைத்தவர்களுக்கு இந்தப் போர் என்ன செய்கிறது என்பதைப் புள்ளிவிவரத்தில் அடக்க முடியாது. 2012 அக்டோபரில் வடக்கு வஜீரிஸ்தானில், வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி ட்ரோன் தாக்குதலில் உடல் சிதறி இறந்தார். அருகிலிருந்த பேரப்பிள்ளைகள் காயமடைந்தார்கள். ஓராண்டு கழித்து அவருடைய மகன் தன் இரண்டு பிள்ளைகளோடு வாஷிங்டன் வரை போய் முறையிட்டார். நீல வானம் தனக்குப் பிடிக்காமல் போய்விட்டது, மேகம் மூடிய வானமே பிடித்திருக்கிறது, ஏனென்றால் அப்போதுதான் ட்ரோன் பறப்பதில்லை என்று பதின்மூன்று வயதுப் பேரன் சொன்னான். அதைக் கேட்க வந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஐந்தே பேர். அதன் பிறகு, 2015 ஜனவரியில் நடந்த ஒரு தாக்குதலில் பிணைக்கைதிகளாக இருந்த ஓர் அமெரிக்கரும் ஓர் இத்தாலியரும் இறந்தபோது, அதிபர் ஒபாமா தொலைக்காட்சி முன் நின்று அவர்களின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அது சரியான செயல். அந்தக் கட்டடத்தையும் நூற்றுக்கணக்கான மணி நேரம் கண்காணித்திருந்தார்கள், பிணைக்கைதிகள் உள்ளே இருப்பது தெரியவே இல்லை. அந்த மூதாட்டியின் குடும்பத்துக்கும் அதே மன்னிப்பு உரியதில்லையா?

இயக்குபவர்களைக் கோழைகள் என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ட்ரோன் விமானிகளிடையே மனநலச் சிக்கல்கள் போர்விமானங்களில் பறப்பவர்களுக்கு இணையான அளவில் இருப்பதாக 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ராணுவ ஆய்வு காட்டியது. வெடித்த பிறகும் அவர்கள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், உடல்களை எண்ண வேண்டும், வேலை நேரம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கூட்டாளிகளோடு முகாமில் இருந்து மெல்ல ஊர் திரும்பும் இடைவெளிகூட அவர்களுக்கு இல்லை. உடலுக்கு ஆபத்து இல்லை என்பதால் மனசாட்சிக்கும் ஆபத்து இல்லை என்று ஓர் அரசு நினைத்துக்கொள்வது, தன் இளைஞர்களுக்கே அது செய்யும் துரோகம்.

இன்று இது அமெரிக்காவின் பிரச்சினை மட்டும் அல்ல. 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவின் தெதெபிட்டில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களின் முகாம் ஒன்றில் ட்ரோன் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 டிசம்பரில் நைஜீரியாவின் துதுன் பிரியில், நபிகள் பிறந்தநாள் விழாவுக்குக் கூடியிருந்தவர்களை ட்ரோனால் தவறுதலாகத் தாக்கி எண்பதுக்கும் மேற்பட்டோரைச் சொந்த நாட்டு ராணுவமே கொன்றது. உக்ரைன் தன் மண்ணைக் காக்க ட்ரோன்களை நம்பியிருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், படையெடுத்து வந்தவனோடு சண்டையிடுவது வேறு. ஆனால் அதே போரில், கெர்சோன் பகுதியில், தெருவில் நடப்பவர்களையும் ஆம்புலன்ஸ்களையும் ரஷ்ய ட்ரோன்கள் துரத்தித் துரத்தித் தாக்கின. அவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் முடிவு செய்தது. அங்கே ஆள் தெரியவில்லை என்று சொல்லவே இடமில்லை. யாரென்று தெளிவாகப் பார்த்துக்கொண்டேதான் கொன்றார்கள். மனிதர் இல்லாமலே குறி தேர்ந்தெடுக்கும் ஆயுதங்களைத் தடுக்க ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் வலியுறுத்தி வருகிறார், வல்லரசுகளோ இழுத்தடிக்கின்றன.

காபூலில் தவறு நடந்ததை ராணுவம் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், இதழாளர்கள் அந்த நகரிலேயே இருந்து, அந்த முற்றத்துக்குப் போய், அக்கம்பக்கத்தாரிடம் பேசி, கேமரா பதிவுகளைத் தேடி எடுத்ததுதான். வஜீரிஸ்தானில் அப்படிப் போகக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஒப்புக்கொண்ட காபூல் வழக்கிலும் ஒருவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அந்த டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே நான் கேட்பது இதுதான்: தாக்குதல் நடத்திய ஒவ்வொரு அரசும் அந்த இடத்துக்கு விசாரணையாளர்களை நேரில் அனுப்பவோ, அனுப்ப இயலாவிட்டால் அங்கே போகக்கூடிய நடுநிலை அமைப்பு ஒன்றின் சாட்சியத்தைப் பெறவோ கடமைப்பட்டதாகச் சட்டம் வர வேண்டும். இறந்தவர்கள் யார் என்பதை அந்த அரசே வெளியிட வேண்டும். தன் சிப்பாய்க்கு ஆபத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னொரு நாட்டில் குண்டு வீசுவதற்கு மக்கள் பிரதிநிதிகளின் வாக்கு கட்டாயம் என்று, 2011-இல் கண்டுபிடித்த அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். ட்ரோன் வாங்கும் நாடுகள் பெருகிக்கொண்டே போகின்றன, அவற்றின் நாடாளுமன்றங்கள் வாங்கும் போதே இந்த நிபந்தனைகளைச் சட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.