பதின்மூன்று மணி நேரம்தானே!

நம் தோட்டத்துப் பழைய ஆட்கள் குழுவில் நேற்று வந்த பதிவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "லண்டன் என்ன நிலாவிலா இருக்கிறது? பதின்மூன்று மணி நேரம்தானே! பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைக்க வர முடியாதா?" யாரைச் சொல்கிறார் என்று பெயர் போடவில்லை. போடவும் தேவையில்லை. மலேசியாவில், இந்தச் சுங்கை சிப்புட்டில் கடந்த டிசம்பரில் அப்பாவைப் பறிகொடுத்து, லண்டனில் ஒரு மகனை வைத்திருப்பது எங்கள் வீடுதான்.

சரி, கணக்கே பார்ப்போம். கோலாலம்பூருக்கும் லண்டனுக்கும் வான்வழியே ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். இங்கிருந்து போக 14 மணி நேரத்தை ஒட்டும். அங்கிருந்து வரும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் 13 ஆகும். அதுவும் நேராக வந்தால். 2014இல் நம் மலேசிய விமானம் எம்எச்17 உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகுமா விமானம் எங்கெல்லாம் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது என்று நமக்குப் புரியவில்லை? அந்தப் பதின்மூன்று மணி நேரம், விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே ஐயா.

அப்பா போனது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. லண்டனில் அப்போது வெள்ளி இரவு பத்து. அன்றைய விமானத்தைப் பிடிக்க வழியில்லை. மறுநாள் காலை விமானத்தில் இடமில்லை, கிறிஸ்துமஸ் நேரம். சனி இரவு ஒன்பதுக்கு ஏறினால் நம் கடிகாரத்தில் ஞாயிறு மாலை ஆறு. பிறகு குடிநுழைவு வரிசை, சிப்பாங் விமான நிலையத்திலிருந்து இங்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. ஞாயிறு மதியமே அப்பாவை எடுத்துவிட்டோம். பதின்மூன்று மணி நேரமாம்!

காசைக் கூடப் போட்டிருக்கலாம் என்பார்கள். இல்லாத இருக்கைக்கு எத்தனை ரிங்கிட்? வேறு ஊரில் இறங்கி மாறி வந்தால் இன்னும் தாமதம். ஒரு நாள் காத்திருந்திருக்கலாமே என்பது மட்டும் நியாயமான கேள்வி. ஆனால் நாள் தள்ளக் கூடாது, ஞாயிறு மதியத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர் யார்? இந்தப் பதிவைப் போட்ட அதே பெரியவர்தான்.

எங்கள் பாட்டிக்கு அவர் தாயார் இறந்த செய்தி தந்தியில் வந்ததாம். பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறினால் நாகப்பட்டினம் சேரப் பல நாள். பாட்டி தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலேயே தலைமுழுகினார், மறுநாள் ரப்பர் பால் வெட்டப் போனார். பக்கத்து வீட்டார் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். ஏன் போகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பல் மெதுவானது என்று தோட்டத்துக்கே தெரியும். இப்போது விமானம் வந்துவிட்டது, அதனால் வராதவன் குற்றவாளி.

வந்தும் முகம் பார்க்க முடியாது, பதினாறுக்கு வா என்று தம்பியிடம் சொன்னது நான். எடுக்கும்போது லண்டனில் விடியற்காலை நான்கு மணி. அலைபேசித் திரையில் அவன் அழுததைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். நேற்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பதினாறாம் நாளுக்கு அவன் வந்தான். அதைப் பற்றியும் பதிவில் ஒரு வரி இல்லை.

இவ்வளவு தூரம் பேசுகிறவர் ஈப்போவில் இருக்கிறார். அரை மணி நேரப் பயணம். அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு முறையாவது எட்டிப் பார்த்தாரா? மருந்துக்கும் ஆள் சம்பளத்துக்கும் மாதம் தவறாமல் பணம் அனுப்பியவன் அந்த லண்டன்காரன்.

வருடத் திதிக்குத் தம்பி வருகிறான். அவன் முன்னால் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், எனக்குப் பெரியவர் சின்னவர் பார்க்கத் தெரியாது.