விடத் தெரிந்த கை

ஒரே காணொளியை இந்த மாதம் பலர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். வட்டமாக வேலி கட்டிய ஒரு பட்டி, நடுவில் தொப்பி வைத்த ஒரு மனிதர், வேலியோரமாகத் தலைதெறிக்க ஓடும் குதிரை. சற்று நேரத்தில் அந்த மனிதர் பார்வையைத் தாழ்த்தி, முதுகைக் காட்டி நிற்கிறார். குதிரை நின்று, தயங்கித் தயங்கி வந்து அவர் தோளருகே மூக்கை நீட்டுகிறது. பின்னணியில் வயலின் அழுகிறது. "அன்பு வென்றது" என்று எழுத்து ஓடுகிறது. "நீங்களும் குதிரை வளர்க்கிறீர்களே, இப்படித்தான் பழக்குவீர்களா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அங்கே வென்றது அன்பு என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வயலினை நிறுத்திவிட்டு முதல் பாதியை மறுபடி பாருங்கள். குதிரை வேகத்தைக் குறைக்கும் போதெல்லாம் அந்த மனிதர் கயிற்றுச் சுருளை வீசி விரட்டுகிறார். வட்ட வேலிக்கு மூலை கிடையாது, ஒதுங்க இடமில்லை. ஓடி ஓடிக் களைத்த குதிரையின் ஒரு காது அவர் பக்கம் திரும்புகிறது. வட்டம் சிறிதாகிறது. வாய் எதையோ மெல்வதுபோல அசைகிறது. அந்தக் கணத்தில் அவர் விரட்டுவதை விட்டுவிடுகிறார். அந்த வேலிக்குள் தொல்லை இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், அவர் பக்கம். குதிரை அங்கே வந்து நிற்கிறது. புத்திசாலி விலங்கு, வேறு என்ன செய்யும்?

இந்த வட்ட வேலிப் பயிற்சியை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான மோன்டி ராபர்ட்ஸ். 1989-இல் விண்ட்சர் கோட்டையில் எலிசபெத் அரசியின் முன்னால் செய்து காட்டினார். நெவாடா பாலைவனத்துக் காட்டுக் குதிரைகளைச் சிறுவயதில் கவனித்து அவற்றின் சைகை மொழியைக் கற்றதாகவும், மந்தையின் மூத்த பெட்டை அடங்காத குட்டியை விரட்டிப் பிறகு சேர்த்துக்கொள்வதைத்தான் தாமும் செய்வதாகவும் அவர் சொல்லிவந்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 2012-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாக ரிமோட்டில் இயங்கும் பொம்மைக் காரை வைத்து இதையே செய்து பார்த்தார்கள். குதிரை விலகினால் கார் விரட்டும். குதிரை அதன் பக்கம் திரும்பினால் நின்றுவிடும். குதிரைகள் காரை நெருங்கக் கற்றுக்கொண்டன. அந்தக் காருக்கு மந்தை மொழியும் தெரியாது, பாசமும் கிடையாது.

இதைச் சொன்னதும் "அப்படியானால் எல்லாம் ஏமாற்று வேலையா?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இல்லை ஐயா. நானும் செவலை என்ற என் பெட்டைக் குதிரையும் பழகுவது இதே வழியில்தான். என் கோபமெல்லாம் அதைச் சுற்றிக் கட்டப்படும் கதையின் மீதுதான். கதையை நம்புகிறவர்கள் கையைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள்.

இந்த மரபின் மூத்தவர்களிடம் இத்தனை கதை இல்லை. ஓரிகன் மாநிலத்தில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பில் டோரன்ஸ், டாம் டோரன்ஸ் என்ற சகோதரர்களிடமிருந்துதான் இதைத் தொடங்குவது வழக்கம். மாடு மேய்க்கும் பண்ணைகளில் காலமெல்லாம் குதிரையோடு இருந்தவர்கள். அன்றைய மேற்கு அமெரிக்காவில் இளங்குதிரையைக் கயிறு போட்டுப் பிடித்து, சேணத்தைக் கட்டி, அது துள்ளித் துள்ளி ஓய்ந்துபோகும்வரை முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பழக்குதல் என்று பெயர் பெற்றிருந்தது. அவசரக்காரர்களின் வழி. கலிபோர்னியாவின் பழைய வக்கேரோக்களோ, அதாவது ஸ்பானிய வழி வந்த மாட்டுக்காரர்களோ, முதலில் மூக்குப்பட்டையில் மட்டும் ஓட்டி, வாயில் இரும்பு வைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2003-இல் காலமான டாம் டோரன்ஸ் ஓயாமல் சொன்னது, குதிரையின் நிலையிலிருந்து பார் என்பதுதான். அவருடைய மாணவர் ரே ஹன்ட் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். தவறான வழியைக் கடினமாக்கு, சரியான வழியை எளிதாக்கு, பிறகு குதிரையைத் தேட விடு. இவ்வளவுதான் அவருடைய பாடத்தின் சாரம். 'இயற்கைக் குதிரையேற்றம்' என்ற பெயர்ப்பலகை பிற்பாடு வந்தது. 1980-களில் பேட் பரெல்லி போன்றவர்கள் ஏழு விளையாட்டுகள், படிநிலைகள், தனிக் கோல், தனிக் கயிறு என்று பாடத்திட்டமாக்கினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது ஏணியாக உதவியது என்பதை மறுக்க மாட்டேன். கூடவே, கோலை வாங்கிவிட்டால் கலை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் விற்பனைக்கு வந்தது.

சரி, கலைதான் என்ன? மிகச் சிறியதாக ஒன்றைச் சொல்கிறேன். செவலையின் காதுகளுக்குப் பின்னால், கழுத்து தொடங்கும் இடத்தில், இரண்டு விரல்களை வைப்பேன். பெரிய அழுத்தம் ஒன்றுமில்லை. ஒரு ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் தனியாகச் சிலிர்த்து உதறத் தெரிந்த உடம்பு அது. வைத்துவிட்டுக் காத்திருப்பேன். முதலில் தலையை உயர்த்துவாள். விரல்களும் கூடவே உயரும்; அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பாள், வலப்பக்கம் பார்ப்பாள். பிறகு எப்போதோ தலை ஒரு நூலளவு இறங்கும். அந்த நூலளவில் விரல்கள் விலகிவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் தலை மறுபடி மேலே போயிருக்கும், நான் அப்போது விட்டேனென்றால் "தலையைத் தூக்கு" என்று கற்பித்தவள் ஆகிவிடுவேன். என்ன செய்தபோது தொல்லை நின்றது என்பது ஒன்றுதான் குதிரையின் கணக்கு. நாம் மனதில் என்ன நினைத்தோம் என்பது அந்தக் கணக்கில் வராது.

கொஞ்ச நாளில் விரல் காதருகே போகும்போதே தலை தாழ்ந்துவிடும். பார்க்கிறவர்கள் "என்ன பாசம்!" என்பார்கள். பாசமும் இருக்கலாம்; அவள் மனதைத் திறந்து பார்க்க எனக்கு வழியில்லை. இருக்கிறது என்று சத்தியம் செய்யக்கூடியது ஒன்றுதான். மெல்லத்தான் கேட்பேன், அவள் பதில் சொன்னதும் விட்டுவிடுவேன் என்று அவளுக்கு என்னைப் பற்றித் தெரியும்.

குதிரை நம்மை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறது என்பதற்குப் பெர்லினில் ஒரு வேடிக்கை நடந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் குதிரை ஹான்ஸ், கூட்டல் கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. ஊரே திரண்டது. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907-இல் உடைத்துக் காட்டினார்: கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு அசைகிறது. அதைப் பார்த்துக் குதிரை நிறுத்துகிறது. பலர் இதைக் குதிரைக்கு நேர்ந்த அவமானமாகச் சொல்கிறார்கள். எனக்கோ, கணக்குப் போடுவதைவிட இதுதான் பெரிய வித்தை என்று படுகிறது.

இப்படிப்பட்ட விலங்கின் வாயில் இரும்பை வைத்து நாம் இழுக்கிறோம். செவலை ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை. பந்தயத்தில் ஜாக்கி கடிவாள வாரைப் பிடித்திருக்க, குதிரை அதன்மேல் சாய்ந்து ஓடப் பழகுகிறது. அதற்கு வாரின் இறுக்கம் ஓடுவதன் ஒரு பகுதி. அதை வாங்கி வருகிறவர் நிற்க வேண்டுமென்று இழுக்கிறார். அது இன்னும் சாய்ந்து ஓடுகிறது. "திமிர் பிடித்த குதிரை" என்று பட்டம் கிடைக்கிறது. எங்கள் லாயத்தில், காலமெல்லாம் குதிரைகளோடு இருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கல்லூரி மாணவர் ஒருவர் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, நீங்கள் இழுத்தால் அதுவும் இழுக்கும். ஐந்நூறு கிலோவை இழுத்து ஜெயித்தவன் எவன் இருக்கிறான்? இழுத்து விடுங்கள், இழுத்து விடுங்கள். விடுவதுதான் அதற்குக் கேட்கும்." டோரன்ஸ் யாரென்று அவருக்குத் தெரியாது. நான் கதையாகச் சொன்னபோது, "அதைத்தானே அம்மணி நான் இத்தனை வருடமாகக் கத்துகிறேன்? நான் தொப்பி போடவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

குதிரையோடு தோழமை என்று பலர் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வார இறுதியில் குதிரையைக் காட்டி அலுவலக மேலாளர்களுக்குத் தலைமைப் பண்பு கற்பிக்கும் முகாம்கள் இப்போது நடக்கின்றன. "மந்தைக்கு ஒரு தலைவன், குதிரைக்கு நீங்களே தலைவன்" என்பது அங்கே வேதவாக்கு. காட்டில் வாழும் மந்தைகளைக் கவனித்தவர்களின் ஆய்வில் அந்தச் சித்திரம் நிற்கவில்லை. இன்று ஒரு குதிரை முதலில் நகர்கிறது, நாளை வேறொன்று, மற்றவை சேர்ந்துகொள்கின்றன. தவிர, நாம் குதிரை இல்லை என்பது குதிரைக்கு நன்றாகவே தெரியும். தலைவன் கதையின் ஆபத்து என்னவென்றால், குதிரை மறுக்கும்போதெல்லாம் அது நம் பதவிக்கு வந்த சவாலாகிவிடும்.

மறுப்புக்குப் பெரும்பாலும் அற்பமான, உடம்பு சார்ந்த காரணம் இருக்கும். சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னால் மடித்துக் கடிக்க வருகிறதா? சேணம் பொருந்துகிறதா, முதுகில் வலியா, பல் கூராகிவிட்டதா, வயிற்றில் புண்ணா என்று பார்க்க வேண்டும். குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டிருக்கப் படைக்கப்பட்ட விலங்கு அது. மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. அதை நாலு சுவருக்குள் நிறுத்தி, காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு நடுவில் பட்டினி போட்டால், பந்தயக் குதிரைகளிடம் சர்வசாதாரணமாகக் காணப்படும் இரைப்பைப் புண் வரத்தான் செய்யும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நாம் இதில் பேர் வாங்கியவர்கள். பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்கே கடல் வழியாக ஏராளமான குதிரைகளை இறக்குமதி செய்கிறார்கள், சோற்றையும் இறைச்சியையும் தின்னக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவற்றைச் சாகவிடுகிறார்கள் என்று எழுதிவைத்தார். மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் தோழமை பற்றி என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு என் முதல் பதில், வைக்கோலும் புல்லும் எந்நேரமும் இருக்கிறதா, பக்கத்தில் இன்னொரு குதிரை இருக்கிறதா என்பதே. கயிறு, கோல் எல்லாம் அப்புறம்.

சமத்துவம் என்றெல்லாம் நான் பூசி மெழுக மாட்டேன். செவலை என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேண்டாமென்றால் கிளம்பிப் போக அவளுக்கு வழியும் இல்லை. அப்படியிருக்க, "என்ன சொல்கிறாய்?" என்று கேட்கும் பொறுப்பு என் மேல்தான் விழுகிறது. தென்னந்தோப்பு வழியே போகும் மண் பாதையில் ஒருநாள் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் ஒன்று குறுக்கே கிடந்தது. நின்றுவிட்டாள். கழுத்து விறைத்தது, காதுகள் இரண்டும் குழாயைக் குறிபார்த்தன, என் முழங்காலுக்குக் கீழே அவள் நெஞ்சு படபடத்தது எனக்கே தெரிந்தது. உதைத்துத் தாண்ட வைத்திருக்கலாம். வாரைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்வாங்கப் போனால் மட்டும் கால் மெல்லக் கேட்கும்; முன்னால் ஒரு குளம்பு நகர்ந்தால் கால் சும்மா இருக்கும். குழாயை மோந்தாள், "புர்ர்" என்று மூக்கால் ஊதினாள், இன்னும் மோந்தாள். பின்னால் வந்த டிவிஎஸ் 50-காரர் இறங்கி ஒரு பீடியே குடித்து முடித்தார். பிறகு செவலை, தரையே இல்லாததுபோல அவ்வளவு உயரமாகக் கால் தூக்கித் தாண்டினாள். திரும்பி வரும்போது அதே குழாயை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அழுத்தமே எதற்கு, தீனி கொடுத்தே பழக்கலாமே" என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஊசி போட, குளம்பு சீவ நிற்பதற்கு நானும் கேரட் துண்டுதான் கொடுக்கிறேன், அருமையாக வேலை செய்கிறது. ஆனால் முதுகில் ஏறி உட்கார்ந்த பிறகு நம் எடையே அழுத்தம், காலும் கையும் அழுத்தம். அதைத் தவிர்க்க முடியாது என்னும்போது, விடத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் கண்முன்னால் நடமாடுகிறது: முள் கடிவாளம். கீழ்த்தாடையில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. மெல்லிய சதை மூடிய வெறும் எலும்பு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த இரும்பில் முள் வைத்தால், கை தளர்ந்திருக்கும்போதும் முள் வாயிலேயே இருக்கிறது. விடுதல் என்பதே இல்லாமல் போகிறது. குதிரைக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை, பயப்பட மட்டும்தான் மிஞ்சுகிறது. இழுவை, பொதி விலங்குகளுக்கான கொடுமைத் தடுப்பு விதிகள் 1965-லேயே இதைத் தடை செய்துவிட்டன. தடையை மதிக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை பேசப் போகிறவர்கள், பிள்ளையைக் கடற்கரையில் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுக்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் கடிவாளத்தை ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளரிடம் தன்மையாகவே கேளுங்கள். பலருக்கு அந்தக் குதிரைதான் சோறு. உள்ளே முள் இருந்தால், சாதாரணக் கடிவாளம் மாட்டினால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். மாற்றிவிட்டார் என்றால் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுங்கள்.