கிராமம் காலியாகவில்லை, பெயர்தான் மாறியது
'துருக்கியின் தியார்பகிர், வான் மாகாணங்களின் குர்து கிராமங்களில் 2013-லிருந்து மக்கள்தொகை பூஜ்யம். எல்லாரும் வெளியேறிவிட்டார்கள்' என்று சொல்வது தவறு. 2012-இல் வந்த 6360-ஆம் எண் சட்டம் மாநகர மாகாணங்களில் கிராமம் என்ற நிர்வாக அலகையே நீக்கி, அவற்றை 'மஹல்லே' (நகரின் ஒரு பகுதி) ஆக்கியது. அதனால்தான் துருக்கி முழுவதும் ஊரக மக்கள் பங்கு ஒரே ஆண்டில் 22.7 சதவீதத்திலிருந்து 8.7 ஆனது. யாரும் மூட்டை கட்டவில்லை.

ஒரு சிற்றூரின் எண்ணிக்கை வேண்டுமென்றால், அதன் மாவட்டத்துக்குள் மஹல்லே பட்டியலில் தேடுங்கள். ஹக்காரி, ஷிர்னாக் மாநகர மாகாணங்கள் அல்ல; அங்கே இன்றும் கிராமம் என்றே இருக்கும். 2007-க்கு முந்தைய கணக்கோடு நேராக ஒப்பிடவும் வேண்டாம்: 2000-இல் கணக்கெடுப்பு நாளன்று அவரவர் இருந்த இடத்தில் எண்ணினார்கள், இப்போது பதிவான முகவரிப்படி. 1990-களில் ராணுவம் கிராமங்களைக் காலிசெய்தது உண்மை, கொடுமையானது. அதை இந்தப் பூஜ்யத்தோடு குழப்பக் கூடாது.