ரீசனிங் பகுதிக்காக மலையிறங்க வேண்டியதில்லை

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலிருந்து அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளில் பலர், யோசித்து விடை காணும் திறனைச் சோதிக்கும் ரீசனிங் பகுதிக்காகவே மதுரையிலோ திண்டுக்கல்லிலோ அறை எடுத்துத் தங்குகிறார்கள். தமிழையும் பொது அறிவையும் பள்ளிப் பாடநூல்களை வைத்து வீட்டிலேயே படித்துவிடலாம், இதை மட்டும் யாராவது சொல்லித்தந்தால்தான் வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். என் கருத்து இதற்கு நேரெதிரானது. மற்ற எந்தப் பகுதியைக் காட்டிலும் ரீசனிங்கைத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பென்சிலையும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள முடியும்.

நானும் அப்படி மலையிறங்கிப் போனவன்தான். நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் சூத்திரங்கள் அடங்கிய கையேடு ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கடிகாரத்தின் இரண்டு முள்களுக்கும் இடையே எத்தனை பாகை என்ற கேள்வி வந்தால் மணியை 30 ஆலும் நிமிடத்தை 5.5 ஆலும் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தேர்வறையில் எதை எதனால் பெருக்குவது என்பதே எனக்கு மாறிப்போனது. உண்மையில், 3.30 மணிக்குச் சின்ன முள் 3இல் நிற்காது, 3க்கும் 4க்கும் நடுவில், அதாவது 105 பாகையில் இருக்கும் என்பதையும், பெரிய முள் 6இல், 180 பாகையில் இருக்கும் என்பதையும் படம் வரைந்து பார்த்திருந்தால், 75 பாகை என்ற விடை சூத்திரமே இல்லாமல் கிடைத்திருக்கும்.

மலைப்பிள்ளைகளுக்குத் திசைக் கேள்வி வராது என்றும் சொல்கிறார்கள். நம் பாதைகள் வளைந்து வளைந்து போவதால், வடக்கே போனான், தெற்கே போனான் என்று நாம் பேசுவதில்லை, மேலே போனான், கீழே இறங்கினான் என்றே பேசுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் பூம்பாறையும் மன்னவனூரும் இருக்கும் மேல்மலை கொடைக்கானலுக்கு மேற்கே இருக்கிறது. நம் கீழ்மலை கிழக்கே இருக்கிறது. மேற்கு என்ற சொல்லுக்குள் மேலும், கிழக்கு என்ற சொல்லுக்குள் கீழும் இருப்பதை ஒரு முறை கவனித்த பிள்ளைக்குத் திசை மறக்காது. காலையில் ஒருவருடைய நிழல் அவருக்கு இடப்பக்கம் விழுந்தால் அவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார் என்று கேட்டால், சூரியன் கிழக்கே, நிழல் மேற்கே, மேற்கு இடப்பக்கம் என்றால் முகம் வடக்கே என்று படிப்படியாகச் சொல்லிவிடலாம்.

பெரும்பாலான மதிப்பெண்கள் போவது கணக்கில் அல்ல, வாசிப்பில்தான் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "சில மாணவர்கள் வந்தார்கள்" என்று வீட்டில் சொன்னால், மற்றவர்கள் வரவில்லை என்றும் சேர்த்தே புரிந்துகொள்கிறோம். சில கூற்றுகளைக் கொடுத்து அவற்றிலிருந்து எந்த முடிவு வரும் என்று கேட்கும் கூற்று–முடிவுக் கேள்வியில் அப்படி எடுத்துக்கொண்டால் விடை தவறிவிடும். அங்கே 'சில' என்றால் குறைந்தது ஒன்றாவது என்றுதான் பொருள், எல்லாமே அப்படி இருப்பதையும் அது மறுக்காது. எல்லாக் காபியும் மிளகு என்று கேள்வி சொன்னால், தோட்டத்தை மறந்துவிட்டு, மிளகு வட்டத்துக்குள் காபி வட்டத்தை வரைந்துவிட வேண்டும்.

உறவுமுறைக் கேள்வியில் நம் தமிழ் வழக்கு உதவியும் செய்யும், குழியும் பறிக்கும். ஒரு பெண் ஒரு படத்தைக் காட்டி, "இவர் என் தாயினுடைய தந்தையின் ஒரே மகளின் மகன்" என்றால், அந்த ஒரே மகள் அவளுடைய தாய்தான், ஆகவே படத்தில் இருப்பவர் உடன்பிறந்தவர். 'ஒரே' என்ற சொல் இல்லாவிட்டால் அவர் பெரியம்மா மகனாகவோ சித்தி மகனாகவோகூட இருக்கலாம். நம் வீட்டில் அவரையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். தேர்வில் சகோதரன் என்றால் உடன்பிறந்தவன் மட்டுமே.

குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கேள்விகள் ரீசனிங்கும் அடங்கிய திறனறிவுப் பகுதிக்கு உரியவை. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தவறான விடைக்கு அங்கே மதிப்பெண் குறைப்பதில்லை, ஆனால் ரயில்வே தேர்வில் ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். ஆகவே இரண்டையும் எழுதுகிறவர்கள் ஒரே மனநிலையில் மாதிரித் தேர்வு எழுதிப் பழகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தவறிய கேள்விகளுக்கென ஒரு தனி நோட்டு வைத்து, சரியான விடைக்குப் பக்கத்தில் தவறியதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். ஒரு தங்கை சென்ற மாதம் முழுவதும் அப்படி எழுதியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம், 'ஒரே என்பதைப் பார்க்கவில்லை', 'இல்லை என்பதைப் பார்க்கவில்லை' என்றே இருந்தது. சூத்திரம் தெரியவில்லை என்று இரண்டே இடங்களில்தான் எழுதியிருந்தாள்.